மறைக்கும் வெள்ளை, மறையும் வெள்ளை

தைப்பொங்கலுக்குக் கிட்டிய நாட்களில் நெடுந்தீவில் யாராவது மதிலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். வாளிக்குள் கரைத்து வைத்த சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கும். அதைத் தும்புத் தூரிகையால் தோய்த்து முருகைக்கல்லில் இழுத்தால் வெள்ளையைக் காணவில்லை! கல்லின் சாம்பல் நிறமும், போன மாரியில் படிந்த பாசிக் கறையும் அப்படியே தெரியும். வேலைக்குப் புதிதாக வந்த பெடியன் என்றால், சுண்ணாம்பு காணாதென்று நினைத்து இன்னும் தடிப்பாக அப்பப் போவான். அனுபவப்பட்டவர் தடுப்பார்: "விடு தம்பி, காயட்டும்." ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மதில் வெளுத்திருக்கும்.

மாரி காலத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும். மழை ஊறியதும் வெள்ளை மதில் மங்கிக் கறுத்து, உள்ளே இருக்கிற கல் எட்டிப் பார்க்கும். இரண்டு நாள் வெயில் எறித்தால் மறுபடியும் வெள்ளை. பக்கத்து வளவில், கடையில் வாங்கிய தகரப் பேணிப் பெயின்ற் அடித்த சுவர் இருக்கிறதே, அது நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே வெள்ளையாக நிற்கும். இரண்டும் வெள்ளைதான். ஒன்று தண்ணீர் பட்டதும் மறைகிறது, மற்றது மறைவதில்லை. ஏன் இந்த வித்தியாசம்? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் வெள்ளை நிறப்பொருளின் முழு வண்டவாளமும் வெளியே வந்துவிடும். அதன் பெயர் டைட்டேனியம் ஈரொட்சைட்டு. பெயர்தான் கொஞ்சம் நீளம். ஆளை நமக்கு முன்னமே தெரியும். பெயின்றில், பிளாஸ்டிக் கதிரையில், பற்பசையில், மாத்திரையின் மேற்பூச்சில் எல்லாம் இருப்பது அதுதான்.

முதலில், நம் எல்லோர் மனத்திலும் இருக்கிற ஒரு எண்ணத்தைச் சற்று உலுக்கிப் பார்ப்போம். மஞ்சளுக்குள் ஒரு மஞ்சள் சாயம் இருக்கிறது, காவிக்குள் ஒரு சிவப்பு இருக்கிறது, ஆகவே சுண்ணாம்புக்குள்ளும் ஏதோ ஒரு 'வெள்ளை' இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அதையே இன்னும் ஒரு படி நீட்டி, கடைப் பெயின்ற் கூடுதலாக மறைக்கிறதே, அப்படியானால் அதற்குள் 'கூடுதல் வெள்ளை' இருக்கிறது என்கிறோம். இரண்டுமே சரியில்லை. மஞ்சளைப் பொறுத்தவரை நம் எண்ணம் சரி: அதில் உள்ள ஒரு பொருள் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளைப் பொருட்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அநேகமாக விழுங்குவதில்லை. அவற்றின் ஒரு மணியைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் வெள்ளையே இல்லை. கண்ணாடித் துண்டைப்போல் ஊடே பார்க்கலாம்.

நம்ப முடியாவிட்டால் அடுப்படிக்குப் போவோம். ஆனையிறவு உப்பில் நல்ல பெரிய கட்டியாக ஒன்றைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சுத்தமான கட்டியென்றால் மறுபக்கம் ஓரளவு தெரியும். அதையே அம்மியில் வைத்து இடித்தால் வெள்ளைத் தூள். இடிக்கும்போது நாம் ஒரு சாயமும் சேர்க்கவில்லை. ஒரு பெரிய துண்டு பல்லாயிரம் சிறு துண்டுகளாகி, அவற்றுக்கிடையே காற்று புகுந்தது. அவ்வளவுதான் நடந்தது. வெள்ளை எங்கிருந்தோ வந்ததென்றால், அந்தத் துண்டுகளின் மேற்பரப்புகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மேற்பரப்பில் என்ன நடக்கிறது? ஒளி வெற்றிடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. காற்றிலும் ஏறக்குறைய அதே வேகந்தான். ஆனால் தண்ணீருக்குள் போனால் வேகம் முக்கால்வாசியாகக் குறைகிறது. வேகம் குறையும் இடத்தில் பாதையும் திரும்புகிறது. நெடுந்தீவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் லாண்ட்மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கல்வீதியிலிருந்து சரிவாக மணலுக்குள் இறங்கினால், முதலில் மணலைத் தொடும் சில்லு இழுபடும், மற்றச் சில்லு வீதியிலேயே விரைந்து வரும். வண்டி தானாகவே ஒரு பக்கம் திரும்பிவிடும். ஒளியும் அப்படித்தான் திரும்புகிறது. ஒரு பொருள் ஒளியின் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு முறிவுச் சுட்டி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குற்றியையும் குண்டூசிகளையும் வைத்து அளந்திருப்போம்.

சில எண்களை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். காற்று 1, தண்ணீர் 1.33, பெயின்றில் இருக்கும் எண்ணெய் அல்லது பசை ஏறத்தாழ 1.5, சுண்ணாம்பு ஏறத்தாழ 1.6. வைரம் 2.4. டைட்டேனியம் ஈரொட்சைட்டின் ரூட்டைல் என்னும் வடிவம் ஏறத்தாழ 2.7. ஆம், வைரத்தையும் தாண்டிவிட்டது. ஒளி அதற்குள் நுழைந்தால் செக்கனுக்கு 1 லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் அளவுக்கு மந்தமாகிவிடும்.

இனித்தான் முக்கியமான படி. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் ஒளி நுழையும்போது பெரும்பங்கு திரும்பி உள்ளே போகும், ஒரு சிறு பங்கு தெறித்து வெளியே வரும். எவ்வளவு தெறிக்கும் என்பது அந்தப் பொருளின் எண்ணை மட்டும் பொறுத்ததல்ல. அதைச் சூழ்ந்திருப்பதன் எண்ணுக்கும் அதன் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. காற்றில் நிற்கும் சுண்ணாம்பில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 5 பங்கு தெறிக்கிறது. அதே சுண்ணாம்பு தண்ணீருக்குள் இருந்தால் நூற்றுக்கு 1 பங்குகூட இல்லை. எண்ணெய்க்குள் இருந்தால் ஆயிரத்துக்கு 1 பங்குதான். மட்டமான பரப்புக்குப் போட்ட கணக்கு இது. பொடி மணிகளில் விவரம் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

இப்போது மதிலுக்குத் திரும்பலாம். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சில் மணிகளுக்கிடையே காற்று. ஒளி ஒரு மணியில் கொஞ்சம் தெறித்து, அடுத்ததில் கொஞ்சம் தெறித்து, நூற்றுக்கணக்கான மணிகளைக் கடப்பதற்குள் அநேகமாக முழுவதும் வெளியே திரும்பிவிடுகிறது. எந்த நிறமும் விழுங்கப்படாமல் முழுக்கத் திரும்புவதைத்தான் நம் கண் வெள்ளை என்கிறது. மழை பெய்து காற்றிருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் தெறிப்பு ஆறில் ஒரு பங்காகிறது, ஒளி நேரே உள்ளே போய்க் கல்லைத் தொடுகிறது, கல் தெரிகிறது. ஈரத்தோடு அடிக்கும்போது வெள்ளை தெரியாததற்கும் இதே காரணம். தேத்தண்ணிக் கடையில் வடை வைத்துத் தருகிற வெள்ளைத் தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடியாவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எண்ணெய் வெள்ளையைக் கழுவிக் கொண்டுபோகவில்லை. தாளின் நாருக்கிடையில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டது.

ஆகவே சுண்ணாம்பின் வெள்ளையில் பாதி உரிமை காற்றுக்கு என்று சொன்னால் தப்பில்லை. சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்து ஏன் ஒருவரும் பெயின்றாக விற்பதில்லை என்பதும் இதனால் விளங்கும். யன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் இருத்தத் தச்சர்கள் பிசைகிற புட்டியைப் பாருங்கள். சுண்ணத் தூளும் ஆளிவிதை எண்ணெயும்தான் அது. பிசையத் தொடங்கும்போது தூள் வெள்ளை. பிசைந்து முடிந்ததும் பழுப்பு மஞ்சளாய் மங்கிப்போன உருண்டை. தூளின் வெள்ளை முழுவதும் எண்ணெய்க்குள் மூழ்கிப்போயிற்று.

தீவுகளுக்குச் சுண்ணாம்பு வெளியிலிருந்து வந்த பொருளல்ல. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் நிற்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல். கரையில் முருகைக்கல். நெடுந்தீவில் சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். அங்குள்ள ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும், ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் கடற்கோட்டையும் முருகைக்கல்லின் பலத்தில் நிற்பவை. அந்தக் கல்லையே ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கியால் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சி, திரும்பவும் கல்லாகிவிடும். பூசிய வெள்ளை சுவரோடு ஒட்டிக்கொள்வது இந்தக் கல்லாகும் வேலையினால்தான். பசை ஒன்றும் அவசியமில்லை.

வெற்றிலைத் தட்டத்திலும், கருப்பநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டிக்குள்ளும் தடவியது இதே சுண்ணாம்புதான். இன்று முருகைக்கல்லைச் சுட முடியாது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம் முருகைக்கல் அகழ்வதையும் கரையோரச் சூளைகளையும் தடைசெய்துவிட்டது. அது நல்ல சட்டம். முருகைக்கற்பார் போனால் அலை நேரே ஊருக்குள் வரும்.

சரி, சுண்ணாம்புக்கு எண்ணெய் ஒத்துவராது. அப்படியானால் மரக்கதவுக்கும் கப்பலுக்கும் பூச வெள்ளை வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் ஈயத் தகட்டை வினாகிரி ஆவியில் வைத்து அரித்தெடுத்த ஈய வெள்ளைத் தூளைப் பயன்படுத்தினார்கள். அதன் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 2. எண்ணெயிலும் நன்றாக மறைக்கும், பூசுகிறவனையும் மெல்ல மெல்ல நஞ்சூட்டும். 1921 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு அதைக் கட்டிடங்களின் உட்புறப் பூச்சில் கட்டுப்படுத்தத் தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. அடுத்து வந்த நாக ஒட்சைட்டு நஞ்சில் குறைவு, மறைப்பதிலும் சுமார். அந்த நேரத்தில்தான் டைட்டேனியம் வந்து சேர்ந்தது.

டைட்டேனியத்தை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் இருந்த வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார்; 1791 இல், ஓர் ஓடையோரக் கறுப்பு மணலில். நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் கிளாப்ரோத் அதற்குப் பெயர் வைத்தார். அதன் ஒட்சைட்டு வெள்ளைத் தூளாக ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது 1916 அளவில், நோர்வேயிலும் அமெரிக்காவிலும். நம் முந்தைய கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள்: பெயின்றின் பசைக்குள் முழுக்க மூழ்கியிருக்கும் டைட்டேனியம் ஈரொட்சைட்டு நூற்றுக்கு 8 பங்கைத் தெறிக்க விடுகிறது. காய்ந்து காற்றில் நிற்கும் சுண்ணாம்புக்கே 5 தான். தண்ணீரில் போட்டால் டைட்டேனியத்துக்கு 11 க்கு மேல். மழைக்கும் எண்ணெய்க்கும் அது அசைந்துகொடுக்காத காரணம் இதுதான். அதற்குக் காற்றின் உதவி வேண்டாம்.

நல்ல வெயிலில், நன்றாகக் காய்ந்த மூன்று பூச்சுச் சுண்ணாம்புச் சுவரையும் டைட்டேனியம் பெயின்ற் அடித்த சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது கூடுதல் வெள்ளை என்று சொல்லத் திணறுவோம். டைட்டேனியத்தின் பலம் வெள்ளையில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்குத் தடிப்பான படலத்தால் அடியில் இருப்பதை மறைக்கப் பார்க்கிறது. சுண்ணாம்பால் அதைச் செய்ய எத்தனை வாளி வேண்டுமென்று மேசன்மாரைக் கேளுங்கள்.

இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. தீவுக் கரைகளில் முருகையும் சிப்பியும் நொறுங்கிய வெண்மணல் கிடக்கிறது. அதில் இந்த வெள்ளையை எடுக்க முடியாது. திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் கடனீரேரிக்குத் தெற்கே புல்மோட்டை இருக்கிறதல்லவா, அங்கே கடற்கரை கறுப்பு. அந்தக் கறுப்பு மணல்தான் மூலம். அதன் பெரும்பங்கு இல்மனைட்டு என்னும் கனியம்: டைட்டேனியமும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்தது. சாதாரண மணலைப்போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பாரம். பருவக்காற்றின் அலை வந்து அடிக்கும்போது பாரம் குறைந்த வெண்மணலை வாரிக்கொண்டு போய்விடும், பாரமான கறுப்பு கரையிலேயே தங்கிவிடும். அலையே புடைத்துத் தருகிற மணலை அள்ளி, காந்தத்தால் பிரித்து எடுத்தால் இல்மனைட்டு.

புல்மோட்டை மணலுக்காக 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. போர்க்காலத்தில் அந்த மணலும் தப்பவில்லை. 1997 செப்டம்பரில் அங்கே இல்மனைட்டு ஏற்ற வந்து நின்ற 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்குள்ளாகி, அதில் இருந்த சீன மாலுமிகள் சிலரும் உயிரிழந்தார்கள். கறுப்பு மணலை மணலாகவே கப்பலேற்றிவிட்டு வெள்ளைத்தூளைக் காசு கொடுத்து இறக்குமதி செய்கிற நிலை இன்னும் மாறவில்லை. இது எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒரு விஷயம். ஆனால் அந்த ஆலையைப் பக்கத்தில் வைத்திருப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை என்பதை இனிப் பார்ப்போம்.

கடலுக்கு அந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறையிலும் இதே கறுப்பு மணல் உண்டு. 1909 இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலின் பெறுமதியைக் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தும்பில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். 1946 இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டேனியம் ஆலை தொடங்கப்பட்டது. கறுப்பை வெள்ளையாக்கும் பழைய வழி அங்கே கையாளப்படுவது: இல்மனைட்டைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பச்சைப் பளிங்குகளாக இறக்கிவிட்டு, மிஞ்சிய கரைசலைக் கொதிக்க வைத்து டைட்டேனியத்தை வெள்ளை வண்டலாகப் பிரித்துச் சூளையில் சுட்டெடுப்பது. மணலின் கறுப்புக்கு அதில் உள்ள இரும்பும் பொறுப்பு. இரும்பு போனால் கறுப்பும் போயிற்று. ஆனால் ஏராளமான அமிலக் கழிவு மிஞ்சும், அதை எங்கே கொட்டுவதென்பது ஓயாத தலையிடி. சவறை ஆலையில் புதிய வழி: குளோரினோடு சேர்த்து டைட்டேனியத்தை ஒரு திரவமாக்குவார்கள். 136 பாகையில் ஆவியாகும் அந்தத் திரவத்தை வடித்துச் சுத்தமாக்கி, ஒட்சிசனில் எரித்தால் வெள்ளைத் தூள். கழிவு குறைவு, குளோரின் கசிந்தால் ஆபத்து கூட.

சுட்டெடுத்தால் மட்டும் போதாது, மணியின் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒளியை மிக நன்றாகச் சிதறடிக்கும் மணி 200 முதல் 300 நனோமீற்றர் வரை பருமனுள்ளது. கட்புல ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ அரைவாசி. ஒரு தலைமயிரின் குறுக்கே முந்நூறு மணிகளை வரிசையாக அடுக்கலாம். அதைவிடப் பெரிதானால் அதே எடைத் தூளில் மேற்பரப்பு குறைந்து மறைப்பு குன்றும். மிகச் சிறிதாக, 20 அல்லது 30 நனோமீற்றருக்கு இறங்கினால் வெள்ளையே காணாமல் போய்விடும்! தோலில் தடவும் சில வெயில் காப்புக் களிம்புகளில் இருப்பது அந்தச் சிறு மணிகள்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு, புற ஊதாக் கதிரை மட்டும் பிடித்துக்கொள்ளும். பொருள் ஒன்றேதான், இடித்த அளவில்தான் வித்தியாசம்.

குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவில் இறங்கினால் நாகபூஷணி அம்மன் கோவில் கோபுரம் கண்ணில் படும். அதில் இளநீலமும் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் தெய்வங்கள் நிற்கிறார்களே, இப்படியான மென்னிறப் பெயின்றுகள் எல்லாவற்றின் அடியிலும் வெள்ளைதான் அரிசிமாவாகக் கிடக்கிறது. நிறம் என்று நாம் சொல்வது அதில் விட்ட துளி. கடையில் நிறம் கலந்து கொடுக்கும் இயந்திரத்துக்குக் கீழே வைக்கும் பேணியில் இருப்பது டைட்டேனியம் ஈரொட்சைட்டு கலந்த அடிப்பூச்சு. கடும் நீலமோ கடும் சிவப்போ வேண்டுமென்றால் வெள்ளை மிகக் குறைந்த அல்லது வெள்ளையே இல்லாத பேணியை எடுப்பார்கள். அப்படியான கடும் நிறங்கள் சில இரண்டு பூச்சு அடித்தாலும் அடியை மறைக்காமல் சண்டித்தனம் பண்ணுவது இதனால்தான்.

நீலம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கரைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை அது அடித்துவிடும். ரூட்டைலும் ஊதா ஒளியில் கொஞ்சத்தை விழுங்குவதால் அதற்கும் மிக மெல்லிய மஞ்சள் சாயல் உண்டு. பெயின்ற் ஆலைக்காரர் என்ன செய்கிறார்கள்? ஒரு சிட்டிகை நீலம் சேர்க்கிறார்கள்.

வெயில் இந்தத் தூளின் இன்னொரு குணத்தை வெளிக்கொண்டு வருகிறது. புற ஊதாக் கதிரை விழுங்கிய மணி சும்மா இருப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தையும் ஒட்சிசனையும் தூண்டிவிட்டு, தன்னைத் தாங்கி நிற்கும் பசையையே அரிக்கத் தொடங்கும். பசை அரிபட்டதும் தூள் பிடியிழந்து மேலே வரும். தீவில் வெயில் படுகிற சுவரில் சாய்ந்துவிட்டு எழுந்தால் சட்டையின் முதுகில் வெள்ளை ஒட்டுமே, "சுண்ணாம்பு பிரண்டிட்டுது" என்று தட்டிவிடுவோமே, பெயின்ற் சுவரென்றால் பெரும்பாலும் இதன் வேலைதான். அனடேஸ் என்னும் மற்ற வடிவத்துக்கு இந்தக் குணம் அதிகம், ரூட்டைலுக்குக் குறைவு. ஆகவே வெளிச்சுவருக்கு ரூட்டைலைத்தான் போடுவார்கள்; அதிலும் ஒவ்வொரு மணிக்கும் அலுமினாவும் சிலிக்காவும் கொண்டு மெல்லிய உறை போட்டு அடக்கி வைப்பார்கள். மலிவுப் பெயின்றை வெளிச்சுவருக்கு அடித்தவர்கள் இரண்டாம் வருடமே இந்தப் பாடத்தைச் சட்டையில் படிப்பார்கள்.

மலிவுப் பெயின்றைப் பற்றி ஒரு வழி சொல்கிறேன், கடைக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை. டைட்டேனியம் விலை கூடிய சரக்கு. அதைக் குறைத்துச் சுண்ணத் தூளை நிறையப் போட்டு, பசையையும் சிக்கனம் பிடித்தால், காய்ந்த படலத்தில் மணிகளுக்கிடையே காற்றுக் குமிழ்கள் தங்கும். பிறகு வேலை செய்வது பழைய சுண்ணாம்புத் தந்திரந்தான்: காய்ந்திருக்கையில் வெள்ளை. அதைக் கண்டுபிடிக்க, கறுப்புக் கோடு போட்ட ஓர் அட்டைத் துண்டில் ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் காய விடுங்கள். பிறகு ஈரத் துணியை அதன்மேல் சிறிது நேரம் அமர்த்தி வையுங்கள். கோடு மறுபடி தலைகாட்டினால், பேணிக்குள் உங்களுக்கு விற்றதில் கணிசமான பங்கு காற்று. வீட்டுக்குள் கூரைத்தட்டுக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். மழை அடிக்கும் சுவருக்கு ஆகாது.

அதற்காகத் தீவில் எல்லாச் சுவருக்கும் டைட்டேனியப் பெயின்ற்தான் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய முருகைக்கல் வீடுகளின் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்பு பூசிய சுவரில் அந்த ஈரம் மேற்பரப்பு வழியே ஆவியாகிவிடும். சுவர் உப்புப் பூத்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த தைக்கு மறுபடி அடிக்கலாம். அதே சுவருக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் படலம் போட்டால் ஈரம் போக வழியின்றி அடைபடும். உப்பு படலத்துக்குப் பின்னால் பளிங்காகிப் பருத்து அதைத் தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு கையகலத் தோலாக உரிவு, உரிந்த இடத்தில் கல்லே பொடியாக உதிரும். பெயின்ற் கூடாதென்று ஆலைக்காரரை ஏசுவார்கள். பெயின்றில் பிழையில்லை, அது தன் வேலையை அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டது. சீமெந்துக் கல்லால் கட்டிய புதுச் சுவருக்குப் பெயின்ற், முருகைக்கல்லுக்குச் சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்வதே என் கட்சி. மழையில் கொஞ்சம் கறுத்தால் கறுக்கட்டும்.

கடைசியாக, இதை நாம் தின்கிறோமே என்ற கேள்வி வரும். உண்மைதான். மிட்டாய்ப் பூச்சிலும் சூயிங்கத்திலும் மாத்திரை உறையிலும் வெள்ளைக்காகச் சேர்ப்பதுண்டு. உணவில் அதன் குறியீடு ஈ 171. வயிற்றில் கரையாத, எதனோடும் சேராத தூள் என்பதால் நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. 2021 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, மரபணுவுக்கு அது கேடு செய்யக்கூடும் என்ற சந்தேகத்தை ஒதுக்கித் தள்ள முடியாது என்று சொன்னது; 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடைசெய்தது. மருந்துகளில் தொடர்ந்து அனுமதிக்கிறது. அமெரிக்காவோ உணவின் எடையில் நூற்றுக்கு 1 பங்கு வரை இப்போதும் விடுகிறது. ஆலையில் தூளாக மூச்சில் இழுப்பது தனி விஷயம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் அதை 'புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்' என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே பழைய சுவரைச் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். பசையில் உறைந்து சுவரில் நிற்கும் வரை பயமில்லை. பற்பசையில் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் உறையின் பின்பக்கத்துச் சிறு எழுத்துகளில் சி.ஐ. 77891 என்ற எண்ணைத் தேடுங்கள்.